நாற்பத்தொன்பது கிலோவுக்காக ஒரு விரதம்

இன்று காலை நீங்கள் பயிற்சி நடத்தியதைப் பின்னால் ஒரு கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் புதிய பயிற்றுநர்கள். நல்ல சப்பாத்து, நல்ல விசில். கம்பியில் எத்தனை கிலோ ஏறியிருக்கிறது என்று எல்லோரும் எண்ணினீர்கள். மூன்று பேர் கைப்பேசியில் படம் பிடித்தீர்கள். தூக்கிக்கொண்டிருந்த பிள்ளையின் உதட்டைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அது காய்ந்து வெடித்திருந்தது. தேநீர் இடைவேளையில் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கழிப்பறைக் கதவு பூட்டுப்படாது என்பதால் விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லையாம். பாரம் தூக்குகிற பிள்ளை. கதவைத் திருத்துகிற வரை அங்கே கம்பியைத் தொட விடாதீர்கள். இதற்கு ஒரு சுற்றறிக்கை வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

என்னைப் பேச அழைத்தவர்கள், "உங்கடை அனுபவங்களைச் சொல்லுங்கோ ரீச்சர், இளம் ஆக்களுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார்கள். அப்படிப்பட்ட சரக்கு என்னிடம் இல்லை. செருப்போடு வந்து கால் பெருவிரலில் இரும்புத் தட்டைப் போட்டுக்கொண்டவனைப் பார்த்திருக்கிறேன். இடுப்புப் பட்டியைக் கட்டினால் முதுகுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி, மூன்று மாதம் படுக்கையில் கிடந்தவனைப் பார்த்திருக்கிறேன். நோகிறது என்று சொன்னால் வீட்டில் மறித்துவிடுவார்கள் என்று தோள் நோவை மறைத்து மறைத்து, கடைசியில் தலை வாரக் கையைத் தூக்க முடியாமல் போன பிள்ளையையும் தெரியும். இவையெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கின்றன. படித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது அதில் இல்லை. இந்தக் கதையில் பிழை விட்டது பிள்ளையும் இல்லை. நான்தான்.

நான் உடுப்பிட்டிக்காரி. மெதடிஸ்த குடும்பம். ஊரில் எங்களை வேதக்காரர் என்பார்கள். வடமராட்சியில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். பெண்பிள்ளைகளுக்குப் பளுதூக்கல் பழக்கினேன். தொடங்கிய காலத்தில், "குமர்ப்பிள்ளையளுக்கு உது என்னத்துக்கு?" என்று கேட்காத தாய்மார் இல்லை. அவர்களோடெல்லாம் வாய் கொடுத்து வென்றவள் நான். அந்தத் துணிச்சலைப் பற்றி எனக்குப் பெரிய எண்ணம் இருந்தது.

நிரோஜா கரவெட்டியிலிருந்து வந்தவள். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் மேசன். தாய் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவள். கம்பியின் முன்னால் நிரோஜா குனிந்தால் முதுகு பலகை போல நிற்கும். பாரம் ஏறினாலும் அது வளையாது. அப்படி ஒரு பிள்ளையை என் சேவைக்காலத்தில் நான் வேறு காணவில்லை. தேசிய மட்டத்தில் ஒரு பதக்கம் எடுத்தால் நாளைக்கு ஒரு வேலைக்கு உதவும் என்று அந்த வீட்டில் நம்பினார்கள். எனக்கும் ஆசை இருந்தது. என் பாடசாலையிலிருந்து அதுவரை ஒரு பிள்ளையும் தேசிய மட்டத்துக்குப் போனதில்லை.

அவளுடைய நிறை ஐம்பத்தொரு கிலோவும் கொஞ்சமும். அதனால் ஐம்பத்தைந்து கிலோப் பிரிவில் போட்டியிட வேண்டும். அந்தப் பிரிவில் வேறு மாவட்டத்துப் பிள்ளை ஒருத்தி இருந்தாள், இவளால் எட்ட முடியாதவள். ஆனால் நாற்பத்தொன்பது கிலோப் பிரிவில் பெரிதாக ஒருவரும் இல்லை.

"பிள்ளை, நாப்பத்தொன்பதுக்கு இறங்கினியெண்டால் உன்னைப் பிடிக்க ஆளில்லை" என்றேன்.

"எவ்வளவு குறைக்க வேணும் ரீச்சர்?"

"ரெண்டு கிலோவும் கொஞ்சமும்."

"ஏலும் ரீச்சர்."

மாகாணப் போட்டியில் வென்றால்தான் தேசிய மட்டம். அதன் திகதி வந்தபோது அவள் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். "ரீச்சர், அண்டைக்குச் சூரன்போர். நான் ஏழாம் வகுப்பிலையிருந்து சட்டி பிடிக்கிறனான்."

கந்தசட்டி ஆறு நாள் விரதம். அவர்கள் வீட்டில் ஐந்து நாளும் பின்னேரத்தில் மட்டும் கொஞ்சம் பாலும் பழமும். ஆறாம் நாள், சூரன்போர் அன்று, பச்சைத் தண்ணீரும் இல்லை. ஏழாம் நாள் காலையில்தான் பாறணை, அதாவது விரதம் முடித்துச் சாப்பிடுவது. எங்கள் போட்டி சரியாக அந்த ஆறாம் நாளில் விழுந்திருந்தது.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை, விரதம் பிடி, போட்டி அடுத்த வருடமும் வரும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது உங்கடை சமயம் பிள்ளை. நான் அதுக்குள்ளை தலைபோடமாட்டன்."

கேட்க எவ்வளவு மரியாதையாக இருக்கிறது! மற்றவர் சமயத்தை மதிக்கிற வேதக்கார ரீச்சர். உள்ளே என் மனம் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டைக் குறை என்று நான் சொன்னால் தாய் நேரே பாடசாலைக்கு வந்து சண்டை பிடிப்பாள். விரதம் என்றால் தாயே பெருமைப்படுவாள். ஒருவருக்கும் ஒன்றும் விளக்கத் தேவையில்லை, இரண்டு கிலோ தானாக இறங்கும். இதற்கு மேல் இன்னொன்றையும் நினைத்தேன். பெட்டை விரதத்தைச் சாட்டாக வைத்துத்தான் நிறை குறைக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். நிறை பார்த்து முடிந்த கையோடு ஒரு போத்தல் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமும் இறக்குவாள், முருகன் ஒன்றும் கோபிக்கமாட்டான் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். முருகனுக்காகத் தீர்ப்பு எழுத நான் யார்?

போட்டி நாளன்று விடியமுன் பிடித்த மழை விடவில்லை. மண்டபத்துக்குள் காற்றே இல்லை. நிறை பார்த்தார்கள். நாற்பத்தொன்பதுக்குச் சற்றுக் கீழே நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டி தொடங்க இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. தூக்குகிறவர்கள் சாப்பிட்டுக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்வது அந்த நேரத்தில்தான். உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை நான் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன்.

"குடி பிள்ளை."

"இல்லை ரீச்சர்."

"நிறை பாத்து முடிஞ்சுது. இனி எவ்வளவும் குடிக்கலாம்."

அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல். "காப்புக் கட்டியிருக்கிறன் ரீச்சர். நாளைக்குப் பாறணைக்குப் பிறகுதான்."

"ஒரு வாய் மட்டும்?"

"நான் நிறைக்காக விரதம் பிடிக்கேல்லை ரீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு விளங்கவில்லையே என்று எனக்காக வெட்கப்பட்டவள் போலச் சொன்னாள். ஐந்து நாளாகப் பாலும் பழமும், இன்று அதுவும் இல்லை, தண்ணீரும் இல்லை, இனித் தலைக்கு மேலே பாரம். அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது.

போட்டியிலிருந்து ஒரு பிள்ளையை விலக்குவதற்கு ஒரு தாளில் ஒரு கையெழுத்துப் போதும். அரை நிமிட வேலை. எனக்கு இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் நான் காரணம் தேடினேன். பிள்ளை பிடிவாதக்காரி, சொன்னாலும் கேட்கமாட்டாள். விரதக்காரியை விரதத்தைக் காட்டி விலக்கினால், வேதக்காரி செய்த வேலையைப் பார் என்று ஊர் கதைக்கும். பாரத்தைக் கொஞ்சம் குறைத்துத் தொடங்கினால் சமாளிக்கலாம். ஒவ்வொரு காரணமும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. உங்களுக்கும் ஒருநாள் இப்படிக் காரணங்கள் வரிசையாக வரும். ஒன்றுக்கு மேல் காரணம் தேடுகிறீர்கள் என்றால் செய்யப்போவது பிழை என்று உங்களுக்கே தெரியும் என்று அர்த்தம்.

முதல் சுற்றில் கம்பியை ஒரே இழுவையில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். மூன்று தடவையில் இரண்டைச் சரியாகத் தூக்கினாள். இரண்டாம் சுற்றில் முதலில் தோளுக்கு, பிறகு தலைக்கு மேல். அதற்காக உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டேன். கம்பியை நிலத்தில் வைத்தபிறகும் அவளுடைய வலது கை விரல்கள் திறக்கவில்லை. இடது கையால் ஒவ்வொரு விரலாக உரித்து எடுத்தாள்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை ரீச்சர். குளிர்."

வெளியே மழைதான். ஆனால் உள்ளே நான் கோப்பு மட்டையால் விசிறிக்கொண்டிருந்தேன். உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றினால் தசை இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவள் நான். அவள் குளிர் என்றாள், நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அந்தச் சுற்றின் முதல் தூக்கு சரி வந்தது. முன்னணிக்கு வந்துவிட்டாள். அடுத்ததும் சரி வந்தால் தங்கம் உறுதி. தென்மராட்சியிலிருந்து வந்த வயதான பயிற்றுநர் ஒருவர் என்னருகே வந்தார்.

"ரீச்சர், பிள்ளையின்ரை நிறம் சரியில்லை. இதோடை விடுங்கோ" என்றார்.

அவருடைய பிள்ளைதான் இரண்டாம் இடத்தில் நின்றாள். ஆகா, இந்த மனுசனுக்கு எப்படி வாய் வருகிறது என்று நினைத்தேன். "பாப்பம் அண்ணை" என்றேன். பிறகு நிரோஜாவின் பக்கம் திரும்பிக் கைதட்டி, "போ பிள்ளை" என்றேன்.

போனாள். தோளுக்கு எடுத்தாள். எழும்பினாள். தலைக்கு மேல் தள்ளினாள். இரண்டு கையும் நேராகப் பூட்டி நின்றன. நடுவர் இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் இறக்கவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் அதற்குள்ளே ஆள் இல்லை. கம்பி மெல்லப் பின்னால் சாயத் தொடங்கியது. பாரம் பிழைத்தால் கையை விட்டுவிட்டு முன்னால் பாய வேண்டும் என்று, தூக்கப் பழக்க முதலே அவளுக்குப் பழக்கியிருந்தேன். கையை விட நினைவு வேண்டும். விரல் திறக்க வேண்டும். இடது கை விட்டது, வலது கை விடவில்லை. முழங்கை பின்பக்கமாகத் திரும்பிக் கம்பியோடு கீழே போனது. அந்தச் சத்தத்தை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

யாரோ ஓடிவந்து, "இழுத்துவிட்டால் மூட்டு பழைய இடத்திலை இருந்திடும்" என்று கையைப் பிடிக்கப் போனார். நான் குறுக்கே விழுந்து மறித்தேன். தென்மராட்சிக்காரர் அம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டு வந்து, கை கிடந்த கிடையிலேயே ஒரு மட்டையை வைத்துக் கட்டினார். அவர் தன் பிள்ளைக்காகப் பேசவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கியது. விளங்கி என்ன.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டொக்டர் கேட்டார். "கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?"

"நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் பாலும் பழமும்." நிரோஜாவேதான் பதில் சொன்னாள்.

"அதுக்கு முதல்?"

"அஞ்சு நாளும் அவ்வளவுதான் டொக்டர். விரதம்."

"இண்டைக்குத் தண்ணி?"

"இல்லை."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்கள்தானே பயிற்றுநர்? உங்களுக்கு இது தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. கைக்கு வேறு நிறம் வந்து கட்டிலில் கிடந்த பிள்ளை என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு டொக்டரிடம், "ஓம், ரீச்சருக்குத் தெரியாது. நான் சொல்லேல்லை" என்றாள்.

முழங்கையில் இரத்தக் குழாய் கிழிந்திருந்தது. உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். ஆனால் உடம்பில் உப்புகள் தாறுமாறாகக் கிடந்தன. அந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இதயம் நின்றுவிடலாம் என்று பயந்தார்கள். சேலைன் ஏற்றி, இரத்தத்தைச் சோதித்து, மறுபடி ஏற்றி, மறுபடி சோதித்தார்கள். "சேலைன் வேண்டாம், விரதம் முறிஞ்சிடும்" என்று அவள் கெஞ்சியது எனக்குக் கேட்டது. அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். கையில் இரத்தம் ஓடாமல் போன அந்த நேரத்தைத் திருப்பி வாங்க முடியாது. கையைக் காப்பாற்றிவிட்டார்கள். விரல்களைக் காப்பாற்ற முடியவில்லை. அவளுடைய வலது கை விரல்கள் இன்றைக்கும் மடங்காது. பேனை பிடிக்காது, கோப்பை பிடிக்காது.

கல்வி அலுவலகம் அறிக்கை கேட்டது. மாணவி விரதம் இருந்ததைப் பயிற்றுநரிடமிருந்து மறைத்துவிட்டாள் என்று எழுதினேன். ஒரு பந்தி. கையெழுத்து, திகதி. அந்த வருடம் அவள் உயர்தரப் பரீட்சை எழுதவில்லை. நான் வழமைபோல மற்றப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன்.

இந்தக் கதை அதோடு முடிந்திருந்தால் இன்றைக்கும் நான் உங்களுக்கு வேறு ஏதாவது கதைதான் சொல்லிக்கொண்டிருப்பேன். அடுத்த வருடம் கந்தசட்டிக்கு ஒரு கிழமை இருக்க, நெல்லியடிச் சந்தையில் நிரோஜாவின் தாயைக் கண்டேன். தாய் என்னோடு கோபமில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பிள்ளை இந்தமுறை ஆறு நாளும் பச்சைத்தண்ணியும் இல்லாமல் பிடிக்கப் போறாள் ரீச்சர். நேர்த்தி வைச்சிருக்கிறாள்" என்றாள்.

"ஆறு நாளுமோ? உயிருக்கெல்லோ ஆபத்து!"

"நீங்கள் வேதக்காரர், உங்களுக்கு விளங்காது. போனமுறை சேலைன் ஏத்தி விரதம் முறிஞ்சுபோச்சு. அதாலைதான் முருகன் கையை எடுத்துப்போட்டான். இந்தமுறை ஒழுங்காப் பிடிச்சால் திருப்பித் தருவான்."

ஒரு வருடமாக அந்த வீட்டில் இதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். கை போனதற்குக் காரணம் தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது தண்ணீரில்லாமல் ஆறு நாள் கிடக்கப் போகிறாள். அவளைத் தடுக்கக்கூடிய உண்மை என்னிடம் மட்டும்தான் இருந்தது.

அன்றே அலுவலகத்துக்கு இரண்டாவது அறிக்கை எழுதினேன். முதல் அறிக்கை பொய், விரதம் எனக்குத் தெரியும், நிறையைக் குறைக்கச் சொன்னதும் நான்தான் என்று எழுதினேன். விளக்கம் கேட்டார்கள், பயிற்சியிலிருந்து என்னை நீக்கினார்கள். ஓய்வு பெறும் வரை வகுப்பறையில்தான் இருந்தேன். அது சரியான தீர்ப்பு. ஆனால் கடதாசிக்கு உண்மை சொல்வது சுகம். கடதாசி நிமிர்ந்து பார்க்காது.

அடுத்த நாள் கரவெட்டிக்குப் போனேன். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். தாயும் மகளும் வெங்காயத்தில் தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நிரோஜா இடது கையால் அறுத்தாள். வலது கை மடியில் கிடந்தது. இருக்கச் சொன்னார்கள், நான் இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன்.

"முருகன் உன்ரை கையை எடுக்கேல்லை பிள்ளை. சேலைனாலையும் போகேல்லை. ரெண்டு கிலோ குறைக்கச் சொன்னது நான். நீ விரதமெண்டு எனக்குத் தெரியும், தெரிஞ்சுகொண்டுதான் மேடைக்கு ஏத்தினனான். டொக்டருக்குப் பொய் சொன்னனான். அறிக்கையிலையும் உன்னிலை பழியைப் போட்டனான். உன்னிலை ஒரு பிழையும் இல்லை. விரதத்திலையும் பிழையில்லை."

தாய் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சேலைன் ஏத்தேக்கை நீ ஏனடி மறிக்கேல்லை எண்டு இந்த ஒரு வருசமும் நான் என்ரை பிள்ளையையெல்லோ ஏசினனான்."

எழுந்து உள்ளே போனாள். உள்ளே அவள் அழுதது கேட்டது. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நிரோஜா குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்து வைத்தாள். "சட்டி பிடிப்பன் ரீச்சர்" என்றாள். "தண்ணி குடிப்பன்."

எனக்கு அது போதும். அதற்காகத்தான் போனேன். வாறன் பிள்ளை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

"ரீச்சர், ஒண்டு கேக்கட்டே?"

"கேள்."

"அண்டைக்கு நீங்கள் ஏன் என்னை மறிக்கேல்லை?"

ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததை அவளுக்கும் சொன்னேன். "நீ கேட்டிருக்கமாட்டாய் பிள்ளை. தண்ணிக்கே மாட்டன் எண்டு நிண்டனியெல்லோ."

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"தண்ணிதான் குடிக்கமாட்டன் எண்டனான். தூக்க ஏலாது எண்டு சொல்ல எனக்கு வெக்கமா இருந்தது. எப்ப நீங்கள் வேண்டாம் எண்டு சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் ரீச்சர்."